ஒரு சில்லு ஏறினா மற்றச் சில்லுக்குத் தெரியுமோ

சத்தம் முதல் முதல் கேட்டது வெள்ளவத்தையில, காலி றோட்டில இருந்து மெரின் ட்ரைவுக்கு இறங்கிற எங்கட லேனிலதான். லேனின்ர நடுவில ஆரோ பைப் போட வெட்டிப்போட்டு அரைகுறையா மூடின ஒரு கீறு இருக்கு, நேர் குறுக்கா வெட்டியிருந்தாலும் பரவாயில்லை, சரிவா வெட்டியிருக்கிறாங்கள், அதால முதல்ல இடப்பக்கச் சில்லு விழும், பேந்து வலப்பக்கச் சில்லு விழும். விழேக்க ஒரு "டொக்", எழும்பேக்க இன்னொரு "டொக்". பக்கத்தில இருந்த அம்மா கதவுக்கு மேல இருக்கிற கைபிடியை எட்டிப் பிடிச்சுக்கொண்டு "உது என்னடா, அடியில ஏதோ கழண்டு விழப்போகுது போல கிடக்கு" எண்டா. நான் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வச்சன்.

ரெண்டு மாசம் ரேடியோவோட சமாளிச்சன். என்ர கார் ஜப்பானில ஓடிக் களைச்சு இஞ்ச வந்த ரிகண்டிஷன் சின்னக் கார், பேர் சொல்லேல்ல, சொன்னா அதே காரை வச்சிருக்கிற ஆக்கள் சண்டைக்கு வருவினம். 2020 மார்ச்சில இறக்குமதியை நிப்பாட்டினவங்கள், தனியார் பாவனைக்கு எண்டு திருப்பிக் கார் கொண்டு வர விட்டது 2025இல, அதுக்குப் பிறகும் விலையைப் பாத்தா நெஞ்சு அடைக்குது. அதால எல்லாரையும் போல நானும் இருக்கிறதைத் தட்டிக்கொட்டி வச்சிருக்கிற ஆள்.

முதல்ல போன கராஜில காரை ஜாக்கில ஏத்தக்கூட இல்லை. பொனட்டை ரெண்டு தரம் அமத்திப் பாத்திட்டு "முன் ஷொக் ரெண்டும் போட்டுது அண்ணே" எண்டான் அந்தப் பொடியன். பழைய கார்ச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய், வெயிலுக்க நாலு கடை ஏறி இறங்கி, ஜப்பானில கழட்டின ஷொக் ஒரு சோடி 38,000 ரூவாக்குப் பேசி எடுத்து, கொண்டு வந்து பூட்டி, வீல் அலைன்மெண்டும் செய்து, பின்னேரம் சந்தோசமா லேனுக்க இறங்கிறன். டொக். டொக். அம்மா ஒண்டும் சொல்லேல்ல, கைபிடியை மட்டும் பிடிச்சா, அதுதான் எனக்குக் கூட எரிச்சல்.

பேந்து ஒரு கூட்டாளி தெமட்டகொடையில இருக்கிற ஒரு மெக்கானிக் நானாட்ட, முஸ்லிம் அண்ணைமாரை நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது, கூட்டிக்கொண்டு போனான். கராஜ் எண்டு சொல்லேலாது, ஒரு தகரக் கொட்டில், உள்ளுக்கு ஒரு கிடங்கு, வாசலில ஒரு பூனை. நானா சாறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு வந்து காரைப் பாக்கவே இல்லை, என்னைத்தான் பாத்தார்.

"தம்பி, ரெண்டு சில்லும் ஒண்டா ஏறினாலும் சத்தம் வருதா, இல்லாட்டி ஒரு சில்லு மட்டும் ஏறினாத்தான் வருதா?"

நான் யோசிச்சன். எங்கட ஓபிஸ் வாசலில ஒரு ஸ்பீட் ஹம்ப் இருக்கு, நேர் குறுக்கா, முழு அகலத்துக்கு. அதில ஏறேக்க சத்தமே இல்லை. லேனில உள்ள அந்தச் சரிவான கீறில மட்டும்தான். சொன்னன். நானா சிரிச்சார். "அப்ப ஷொக்குக்கு ஒண்டும் இல்ல. ஸ்டெபிலைசர் லிங்க் தான் ஆடுது. சும்மா காசக் கொட்டியிரிக்கிறீங்க."

காரைத் தொடாமலே சொன்ன அந்தக் கேள்வி எனக்கு மூளைக்குள்ள ஒட்டிப்போட்டுது. அண்டைக்குப் பிறகு எந்த வாகனத்தைப் பாத்தாலும், பஸ்ஸோ வானோ த்ரீவீலோ, முதல்ல மனசில வாறது அதுதான்: ஒரு சில்லு ஏறினா மற்றச் சில்லுக்குத் தெரியுமோ, தெரியாதோ, பாதி தெரியுமோ? சில்லைக் காரோட தொடுத்து ஏறி இறங்க விடுற ஸ்ப்ரிங், ஷொக், கை எல்லாத்துக்கும் சேர்த்துச் சொல்லுற பேர் சஸ்பென்ஷன். சஸ்பென்ஷன் வகைகள் எண்டு நெட்டில தேடினா பத்துப் பதினைஞ்சு பேர் வந்து தலையைச் சுத்தும், ஆனா இந்தக் கேள்வியைக் கேட்டா எல்லாம் தானா ஒரு வரிசைக்கு வந்திடும். இதைத்தான் எழுத வெளிக்கிட்டனான்.

அதுக்கு முதல் ஷொக்கைப் பற்றி ரெண்டு சொல்லு, ஏனெண்டா நான் 38,000 குடுத்தது இது தெரியாமல். ஷொக் எப்சோபர் எண்ட பேரே பிழை. அடியை வாங்கிறது ஸ்ப்ரிங். ஸ்ப்ரிங் வாங்கின சக்தியை வச்சிருந்து திருப்பிக் குடுக்கும், குடுத்துக்கொண்டே இருக்கும், ஷொக் இல்லாமல் ஓடினா ஒரு பள்ளத்துக்குப் பிறகு கார் அடுத்த சந்தி வரைக்கும் ஆடிக்கொண்டு போகும். ஷொக்குக்குள்ள இருக்கிறது எண்ணெய், அது சின்ன ஓட்டையளுக்கால நெருக்கிப் போகவேணும், அந்த நெருக்கத்தில ஆட்டம் சூடா மாறிப்போயிடும். கடலுக்க இடுப்பளவு தண்ணியில நிண்டு கையை மெல்ல அசைச்சா லேசாப் போகும், வீசி அடிச்சா தண்ணி விடாது, அதே வேலைதான். அதால ஷொக் செத்தா முதல்ல வாறது ஆட்டம், எண்ணெய் ஒழுக்கு. டொக் எண்டு இரும்பு இரும்போட முட்டிற மாதிரிச் சத்தம் வந்தா முதல்ல புஷ் எண்ட றப்பர் வளையம், போல் ஜொயின்ட் எண்ட குண்டு மூட்டு, லிங்க் எண்டு இடையில இருக்கிற சாமான்களைப் பாக்கவேணும், ஷொக் அதுக்குப் பிறகுதான். பொனட்டை அமத்தி விட்டா ஒருக்கா எழும்பி அடங்கவேணும். என்ர கார் அப்பிடித்தான் அடங்கினது, அந்தப் பொடியனும் பாத்தவன், நானும் பாத்தனான்.

சரி, கேள்விக்கு வருவம்.

ஒரு சில்லு ஏறினா மற்றச் சில்லுக்கு முழுக்கத் தெரியிறது எண்டா அது ஒரே இரும்பு அச்சில ரெண்டு சில்லையும் பூட்டினது. லொறி, பஸ், டொயோட்டா கே.டி.எச் வானின்ர பின்பக்கம், டபுள் கெப்பின்ர பின்பக்கம், பட்டா எண்டு நாங்கள் சொல்லுற அந்தச் சின்ன லொறியில முன்னும் பின்னும். அச்சுக்கு மேல பட்டை பட்டையா அடுக்கின லீஃப் ஸ்ப்ரிங். இதைக் குறைச்சுக் கதைக்கிற ஆக்களோட எனக்கு ஒத்துவராது. ஒரு கட்டுப் பட்டை எத்தினை வேலை செய்யுது எண்டு பாருங்கோ: பாரம் தாங்குது, அச்சை முன்னுக்குப் பின்னுக்கு அரக்காமல் பிடிக்குது, பக்கத்துக்கும் அசைய விடேல்ல, பட்டைக்குப் பட்டை உரசிறதால கொஞ்சம் ஷொக்கின்ர வேலையும் பாக்குது. குதிரை வண்டிக் காலத்துச் சாமான், இண்டைக்கும் பிழைச்சு நிக்குது.

ஆனா அதில போறவைக்குத் தான் தெரியும். நல்லூர்த் திருவிழாவுக்கு ஒருக்கா குடும்பமாக் கே.டி.எச் பிடிச்சுக்கொண்டு யாழ்ப்பாணம் போனனாங்கள், போகேக்க பதின்மூண்டு பேர், பைகள், ஒரு சாக்கு ஏதோ, வான் தொட்டில் மாதிரிப் போச்சுது, ஏ9 காப்பெட் றோட்டில பின் சீட்டில நான் நித்திரையே கொண்டனான். திரும்பி வரேக்க நாலு பேர்தான். அதே வான், அதே ட்ரைவர், அதே பின் சீட், புத்தளம் தாண்ட முதலே எனக்கு நடு முதுகு விட்டுப்போச்சுது. காரணம் லேசு. பாரம் ஏத்தினாலும் குந்தக்கூடாது எண்டு ஸ்ப்ரிங்கை இறுக்கமாச் செய்திருக்கிறாங்கள், பாரம் இல்லாத நேரம் அந்த இறுக்கம் முழுக்க எங்கட முதுகுக்கு. அதோட பின் சீட் பின் அச்சுக்குப் பின்னால தள்ளி இருந்தா இன்னும் கூடத் துள்ளும், 'சீசோ' பலகையின்ர அந்தத்தில இருக்கிற பிள்ளைதானே கூட ஏறி இறங்கும். இ.போ.ச. பஸ்ஸில கடைசி சீட்டுக்கு அடிபடுற பொடியங்களுக்கு இது தெரிஞ்சுதான் அங்க போறாங்கள் எண்டு நினைக்கிறன்.

முன்பக்கத்துக்கு இந்த ஒற்றை அச்சு சரிவராமல் போனதுக்கு வேற காரணம். முன் சில்லு திரும்பவேணும். ஒரு சில்லு கல்லில ஏறினா அச்சுச் சரியும், மற்றச் சில்லும் சேர்ந்து சரியும், சுத்திற சில்லைச் சரிச்சா அது பம்பரம் மாதிரித் தானா ஒரு பக்கம் திரும்பப் பாக்கும், ஸ்டியரிங் கையில நடுங்கும். இத்தாலியில லான்சியா லம்டா எண்ட கார் 1922இலயே முன் சில்லு ரெண்டையும் தனித்தனியா ஏறி இறங்க விட்டது. அமெரிக்காவில ஜெனரல் மோட்டர்ஸ் 1934 மொடல்களில அந்தப் பக்கம் வந்தது. அதுக்குப் பின்னால மொரிஸ் ஒலி எண்ட ஒரு ஆங்கிலேய எஞ்சினியர் இருந்தவர், ரோல்ஸ் ரொய்ஸில இருந்து கடிலாக்குக்குப் போன மனுசன். அவர் கண்டுபிடிச்ச இன்னொரு விசயம் எனக்குச் சரியான விருப்பம். முன் சில்லு பள்ளத்தில விழுந்து கொஞ்சம் கழிச்சுத்தான் பின் சில்லு விழுது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில 2.6 மீற்றர் உள்ள கார் மணிக்கு 40 கிலோமீற்றரில ஓடினா கிட்டத்தட்ட கால் செக்கன் பிந்தித்தான். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில ஆடினா கார் கோழி கொத்திற மாதிரி முன்னும் பின்னுமா ஆடும். பின்பக்கத்தைக் கொஞ்சம் கெதியா ஆட வச்சா, பிந்தி வெளிக்கிட்டாலும் அது ஓடி வந்து முன்பக்கத்தோட சேர்ந்திடும், கார் மட்டமா ஏறி இறங்கும். சாதாரணக் கார் செக்கனுக்கு ஒருக்கா ஒண்டரைத் தரம் தான் ஆடும். செக்கனுக்கு 4 தொடக்கம் 8 தரம் எண்ட கணக்கில மேலும் கீழும் குலுக்கினாத்தான் மனுசற்ற வயிறு கூடப் பாதிக்கும், ஸ்ப்ரிங்கை வெட்டிக் காரைப் பதிச்சு வச்சிருக்கிற தம்பிமாரோட ஒருக்கா போய்ப் பாருங்கோ, விளங்கும்.

அப்பான்ர மொரிஸ் மைனரும் முன்னால தனித்தனிச் சில்லுதான். 1948இல வந்த கார், செய்தவர் அலெக் இசிகோனிஸ், பேந்து மினியைச் செய்த அதே ஆள். முன்னால கொயில் ஸ்ப்ரிங் இல்லை, காருக்கு அடியில நீட்டுக்குப் போற ஒரு இரும்புக் கம்பி, சில்லு ஏறினா கம்பி முறுகும், அதுதான் ஸ்ப்ரிங். ஷொக் எண்டு மேல ஒரு சின்ன இரும்புப் பெட்டியும் கையும், அந்தக் கையே சில்லை மேல பிடிக்கிற ஆர்மும். ஞாயிறு காலமையில அப்பா பழைய பெனியனோட அதுக்கு எண்ணெய் விட்டிட்டு, கிறீஸ் அடிக்கிற கன்னோட முன் சில்லுக்குப் பக்கத்தில குந்துவார். முன் சில்லு திரும்பிற மூட்டுக்குக் கிறீஸ் அடிக்காமல் விட்டா அது தேஞ்சு ஒருநாள் சில்லு அப்பிடியே மடிஞ்சு விழும், மொரிஸ் மைனர்காரருக்கு எல்லாம் அந்தப் பயம் இருக்கு. பின்னால லீஃப். அதாவது ஒரே காரில முன் சில்லுகளுக்கு ஒண்டுக்கொண்டு கதை இல்லை, பின் சில்லு ரெண்டும் கூட்டுக் குடும்பம்.

கம்பி முறுக்கிற அந்த விளையாட்டு முடிஞ்சுபோகேல்ல. கே.டி.எச்சுக்கு முன்னால குனிஞ்சு பாருங்கோ, அதே மாதிரி நீட்டுக் கம்பிதான், டபிள் விஷ்போனோட. டபிள் விஷ்போன் எண்டா மேல ஒரு ஆர்ம், கீழ ஒரு ஆர்ம், நடுவில சில்லு. மேல் ஆர்மைக் கொஞ்சம் கட்டையாச் செய்தா, வளைவில கார் சரியேக்க வெளிப்பக்கச் சில்லு ஏறும், ஏற ஏற அதின்ர தலை உள்ளுக்குச் சாயும், அப்ப ரயர் முழு அகலத்தோட றோட்டில நிக்கும். ரேஸ் காருக்கு எல்லாம் இதைப் போடுறது அதுக்குத்தான். என்ர கூட்டாளி ஒருத்தன் பழைய ஹொண்டா சிவிக் வச்சிருக்கிறான், 1987இல வந்த தலைமுறையில நாலு சில்லுக்கும் விஷ்போன் வகை, கதை தொடங்கினா நிப்பாட்டேலாது. 2000இல வந்த சிவிக்கில முன்னால ஸ்ட்ரட்டுக்கு மாத்தினதை அவன் இண்டைக்கும் துரோகம் எண்டுதான் சொல்லுவான். நான் விடுறதில்லை, ஒரு சில்லுக்கு எத்தினை புஷ் மாத்தினனி எண்டு கேப்பன், அவன் தேத்தண்ணிக்குச் சீனி போடத் தொடங்கிடுவான்.

அந்த ஸ்ட்ரட்தான் இப்ப எல்லாற்ற காருக்கும் முன்னால இருக்கிறது. ஓல்டோ, வெகன் ஆர், விட்ஸ், அக்வா, எது எண்டாலும் பொனட்டைத் திறந்தா ரெண்டு பக்கமும் வட்டமா ஒரு மூடி தெரியும், அதுக்குக் கீழ ஷொக்கும் அதைச் சுத்தின கொயிலும் ஒரே தூணா நிக்குது. மேல் ஆர்மே இல்லை, தூணே ஆர்ம். ஏர்ல் மெக்பெர்சன் எண்டவர் ஜெனரல் மோட்டர்ஸில ஒரு சின்னக் காருக்கு வேலை செய்துகொண்டிருந்தவர், அந்தத் திட்டத்தை அவங்கள் கைவிட, 1947இல ஃபோர்ட்டுக்குப் போட்டார், 1950இல இங்கிலாந்து ஃபோர்ட் கொன்சல், செபிர் கார்களில அவற்ற ஸ்ட்ரட் வந்தது. மேல் ஆர்ம் இல்லாததால நடுவில இடம் கிடைக்கும், எஞ்சினைக் குறுக்கா வைக்கலாம், சின்னக் காருக்குள்ள ஆக்களுக்குக் கால் நீட்ட இடம் வரும். குறை இல்லாமல் இல்லை. வளைவில காரோட சேர்ந்து சில்லும் வெளிப்பக்கம் சாயப் பாக்கும், தூண் பக்கவாட்டு அடியையும் வாங்கிறதால உள்ளுக்க உரசல் கூட. ஆனா 30 கிலோமீற்றரில பம்பலப்பிட்டிச் சந்தியில ஊருற எனக்கு அது என்னத்துக்கு?

இப்ப பாருங்கோ ஒரு பகிடி. சில்லு ரெண்டும் ஒண்டுக்கொண்டு தெரியாமல் இருக்கட்டும் எண்டு பாடுபட்டுப் பிரிச்சாங்கள். பிரிச்சாப் பிறகு கார் வளைவில படகு மாதிரிச் சரியுது. ஸ்ப்ரிங்கை இறுக்கினா முதுகு போகும். அதால என்ன செய்தாங்கள் எண்டா, ஒரு பக்கத்துச் சில்லில இருந்து மற்றப் பக்கத்துக்கு ஒரு கம்பியைப் போட்டுத் திருப்பித் தொடுத்து விட்டாங்கள். அதுதான் ஸ்டெபிலைசர் பார். ரெண்டு சில்லும் ஒண்டா ஏறினா கம்பி சும்மா சுழண்டு குடுக்கும், ஒரு வேலையும் இல்லை. ஒண்டு ஏறி மற்றது இறங்கினாத்தான் கம்பி முறுகும், முறுகி "நீ மட்டும் ஏறாத" எண்டு பிடிச்சு இழுக்கும். அந்தக் கம்பியைச் சில்லுப் பக்கத்தோட கொழுவுற விரல் அளவு சாமான்தான் லிங்க், அதின்ர ரெண்டு அந்தத்திலயும் குட்டிப் போல் ஜொயின்ட். அது தேஞ்சா, கம்பி முறுகிற நேரம் மட்டும் டொக் எண்டும். ஓபிஸ் வாசல் ஹம்ப்பில சத்தம் இல்லாததும் லேனில இருந்ததும் அதாலதான். நானா கேட்ட கேள்விக்குள்ளயே விடை இருந்தது.

பின்பக்கம் என்ர காரில டோர்ஷன் பீம். நெட்டில கார் கதைக்கிற பெடியள் இதைக் கண்டா மூக்கைச் சுழிப்பாங்கள், மலிவுச் சாமான், பின்தங்கின சாமான் எண்டு. எனக்கு இதைப்போல கெட்டிக்காரச் சாமான் வேற இல்லை. ரெண்டு சில்லுக்கும் ரெண்டு கை, முன்னால போடியில கொழுவி, பின்னால சில்லு. ரெண்டு கைக்கும் நடுவில குறுக்கா ஒரு பீம், மூடின குழாய் இல்லை, ஒரு பக்கம் வாய் திறந்த தகடு. கெட்டித்தனம் அந்தத் திறந்த வாயிலதான். பெட்டாவில துணிக்கடையில துணி சுத்தி வாற மட்டைக் குழாயை எடுத்து ரெண்டு கையாலயும் முறுக்கிப் பாருங்கோ, அசையாது. அதையே நீட்டுக்கு ஒரு கோடு வெட்டிப்போட்டு முறுக்குங்கோ, லேசா முறுகும், ஆனா வளைக்கப் பாத்தா இன்னும் விறைப்பாத்தான் நிக்கும். அதேதான். ரெண்டு சில்லையும் ஒழுங்காப் பிடிச்சுக்கொண்டு, ஒண்டு ஏற மற்றது இறங்கக் கொஞ்சம் விடும், முறுகிற பீமே ஸ்டெபிலைசர் பாரின்ர வேலையையும் செய்யும். 1974இல ஃபொக்ஸ்வாகன் கோல்ஃபில பெரிசா வந்தது, பேந்து ஜப்பான்காரர் விட்ஸ், அக்வா, ப்ரீமியோ எண்டு எல்லாத்துக்கும் போட்டாச்சு. ரெண்டே ரெண்டு பெரிய புஷ். பின் சீட்டுக்குக் கீழ தட்டையாக் கிடக்கிறதால டிக்கியில சூட்கேஸ் ரெண்டு வைக்கலாம், கட்டுநாயக்காவுக்கு ஆக்களை ஏத்தப் போறவனுக்கு அதின்ர அருமை விளங்கும். பாதி தெரியும், பாதி தெரியாது. பக்கத்து ஃப்ளட்டில சண்டை பிடிச்சா எங்களுக்குச் சத்தம் கேக்கும், ஆனா என்ன எண்டு விளங்காது, அந்த மாதிரி.

மல்டிலிங்க் பற்றிக் கனக்க எழுத எனக்கு அனுபவம் இல்லை, காசும் இல்லை. 1982இல பென்ஸ் 190 பின் சில்லு ஒண்டுக்கு அஞ்சு லிங்க் போட்டு வந்தது, ஒவ்வொரு லிங்கும் ஒவ்வொரு பக்கத்து அசைவை மட்டும் பிடிக்கும், சில்லு எப்பிடி ஏறி இறங்கவேணும் எண்டு எஞ்சினியர் கீறின கோட்டிலயே ஓடும். ஹைவேயில 100இல போகேக்க சொர்க்கம் எண்டுதான் எல்லாரும் சொல்லுறாங்கள். நானாட்டக் கேட்டன். "நல்ல சாமான் தம்பி, புஷ் எண்ணத் தெரிஞ்ச ஆக்களுக்கு" எண்டிட்டு வேலையைப் பாத்தார்.

ஒரே அச்சில உள்ள சில்லு இல்லாமல், முன் சில்லு பின் சில்லுக்குச் சொல்லுற கார்களும் இருந்தது, அதுதான் எனக்குக் கூட ஆச்சரியம். 1948இல வந்த சிட்ரோன் 2சிவியில ஒரு பக்கத்து முன் சில்லையும் பின் சில்லையும் ஸ்ப்ரிங்கால ஒண்டோட ஒண்டு தொடுத்திருந்தாங்கள், உழுத வயலுக்கால ஒரு கூடை முட்டையோட போனாலும் உடையக்கூடாது எண்டதுதான் அந்தக் காருக்கு வச்ச நிபந்தனை. 1962இல வந்த மொரிஸ் 1100இல அலெக்ஸ் மோல்டன் றப்பரும் தண்ணி மாதிரி ஒரு திரவமும் வச்சு அதே வேலையைச் செய்தார், முன் சில்லு ஏறினா திரவம் பைப்பால பின்னுக்கு ஓடிப்போய்ப் பின்பக்கத்தையும் தூக்கும், 1964 தொடக்கம் சில வருசம் மினியிலயும் வந்தது. அதுக்கு முதலும் பிறகும் மினிக்கு வெறும் றப்பர் கட்டிதான் ஸ்ப்ரிங். 1955 சிட்ரோன் டிஎஸ் இன்னும் ஒரு படி மேல, இரும்புக் குண்டுக்குள்ள நைதரசன், கீழ எண்ணெய், பாரம் ஏத்தினாலும் பம்ப் அடிச்சுத் தன்ர உயரத்துக்குத் தானே எழும்பும். நிப்பாட்டி வச்சா மெல்லப் பதிஞ்சு படுத்திடும், மாடு படுக்கிற மாதிரி.

இப்ப கொழும்பு ஏழு பக்கம் ஓடுற பெரிய ஜீப்புகளில உள்ள ஏயர் சஸ்பென்ஷனும் அந்தக் குடும்பம்தான், கொயிலுக்குப் பதிலா றப்பர்ப் பையில காத்து. வயசு போக றப்பர் வெடிக்கும், காத்து ஒழுகும், ஒழுகிற பையை நிரப்பி நிரப்பிக் கொம்ப்ரசரும் கையை விரிக்கும். காலமையில ஒரு பக்கம் சரிஞ்சு நிக்கிற ஜீப்பைக் கண்டா நான் இப்ப சந்தோசப்படுறதில்லை, அனுதாபம்தான்.

எல்லாத்தையும் விட எனக்குப் பாவமாத் தெரியிறது த்ரீவீல். பின்னால ரெண்டு சில்லும் தனித்தனிக் கையில நிக்குது, ஒண்டுக்கொண்டு தெரியாது, அந்த வகையில என்ர காரின்ர பின்பக்கத்தை விட அது முன்னேறின சாமான் எண்டு சொன்னா அடிக்க வருவியள். பிரச்சினை வேற. காருக்கு றோட்டில ரெண்டு தடம், பள்ளத்தைக் கண்டா நடுவில விட்டிட்டுப் போயிடலாம். த்ரீவீலுக்கு மூண்டு தடம். பின் சில்லு ரெண்டையும் காப்பாத்தினா முன் சில்லு நேரா பள்ளத்துக்குள்ள, முன் சில்லைக் காப்பாத்தினா பின்னால ஒண்டு விழும். நாரஹேன்பிட்டி ரயில் கடவையில த்ரீவீல் அண்ணைமார் பாம்பு மாதிரி நெளிஞ்சு போறதைப் பாத்து நான் கன நாள் ஹோர்ன் அடிச்சிருக்கிறன், மூண்டு தடத்துக்கும் பாதை தேடுறாங்கள் எண்டு இப்பதான் விளங்குது.

லிங்க் ரெண்டும் 6,500, கூலி 1,500. அரை மணித்தியாலம். கழட்டின பழைய லிங்கை நானா என்ர கையில தந்தார், ஆட்டிப் பாத்தன், தொளதொளவெண்டு பல்லு விழப்போற பிள்ளையின்ர பல்லு மாதிரி. கையைத் துடைச்சுக்கொண்டு "ஒங்கட பழைய ஷொக் ரெண்டும் எங்க?" எண்டு கேட்டார். மற்றக் கராஜில விட்டிட்டன் எண்டன். "அது நல்ல சாமானா இரிந்திருக்கும்" எண்டார். அந்த ரெண்டும் இப்ப பஞ்சிகாவத்தையில எந்தக் கடையில தொங்குதோ, என்னைப் போல எந்த விசரன் பேரம் பேசுறானோ.

பின்னேரம் அம்மாவை ஏத்திக்கொண்டு வந்து வேணுமெண்டே மெல்லமா லேனுக்க இறக்கினன். இடப்பக்கம் விழுந்தது, வலப்பக்கம் விழுந்தது. ஒண்டும் இல்லை, ரயர் சத்தம் மட்டும்தான். ரேடியோவும் நிப்பாட்டித்தான் இருந்தது. திரும்பிப் பாத்தா அம்மா கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறா.

"சத்தம் நிண்டிட்டு அம்மா, இனிப் பிடிக்கத் தேவையில்லை."

"சத்தத்துக்கு ஆர் பிடிச்சது? உன்ர கொப்பான்ர மொரிஸ் மைனரில பிடிக்கிறதுக்கு ஒண்டும் இருக்கேல்ல. இதில இருக்கு, பிடிக்கிறன்."